ஒன்பதாம் பாகத்துக்கு ஒரு உதை

"ஏம்மா, நல்லாத்தானே பாடிட்டு இருந்தே? நடுவுல எதுக்குத் தரையை உதைச்சே?"

நாலாம் வகுப்பில் பாட்டு டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று ஆளுக்கொரு பாட்டுப் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற பிள்ளை நான். தப்பிக்க வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வீட்டில் எல்லோரும் பாடுகிற பாட்டை, எங்கள் வீட்டில் பாடுகிற மாதிரியே பாடினேன்.

மஞ்சள் பஸ்ஸில் போறவளே,
மனசக் கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம்...

இந்த இடத்தில் வலது காலைத் தூக்கி ஓங்கி ஒரு உதை. அதற்குப் பிறகு,

ஜன்னல் பக்கம் தள்ளி உக்காரு.

மேஜை மேலிருந்த சாக்பீஸ் டப்பா கீழே விழுந்தது. டீச்சர் கேட்டதற்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். "அங்க உதைச்சாத்தான் டீச்சர் பாட்டு நகரும்."

அந்த வருஷம் முழுக்க வகுப்பில் எனக்குக் கழுதை என்று பெயர். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதற்கு அந்தப் பாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கணக்குப் பாடமும் தன் பங்குக்கு உதைத்தது. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: உலகத்தில் மற்றவர்கள் வீட்டில் அந்தப் பாட்டை உதைக்காமலே பாடுகிறார்கள்.

பாட்டு இருந்தது 'சுடச்சுட ஹிட்ஸ்' ஒன்பதாம் பாகத்தில். வருஷத்துக்கு ஒரு ரெக்கார்டு வரும். அந்த வருஷம் ரேடியோவில் கிழிகிழி என்று கிழித்த பாட்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரே தட்டில் போட்டுத் தருவார்கள். அப்பாவும் அவருடைய தங்கையும், அதாவது என் அத்தையும், பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே கூட்டுச் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகாமல் நடந்து போய், மிச்சம் பிடித்து, வருஷக் கடைசியில் கடை வாசலில் ஷட்டர் திறப்பதற்கு முன்பே போய் நிற்பார்களாம். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது முதலில் தெரிவது இரண்டு ஜோடிக் கால்கள்தான் என்று சொல்லிச் சிரிப்பாராம்.

அட்டைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெண் எதையாவது பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள். மூன்றாம் பாகத்துக்காரி டெலிபோனைத் தலைகீழாகப் பிடித்திருப்பாள். ஆறாம் பாகத்துக்காரி லாரி டயருக்குள் உட்கார்ந்திருப்பாள். படம் எடுத்த பிறகு எப்படி வெளியே வந்தாள் என்பது அப்பாவுக்குப் பல வருஷக் கவலை. ஒன்பதாம் பாகத்துக்காரி தலையில் ஒரு முழு அன்னாசிப்பழம். அம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அப்பா ஏதாவது யோசனையில் இருந்தால், "என்ன, உங்க அன்னாசிக்காரி ஞாபகமா?" என்பாள்.

அம்மா கல்யாணமாகி வந்த புதிதில், அவளை அசத்துவதற்காக அப்பா முதல் பாகத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு அம்மா, "குரல் வேற மாதிரி இருக்கே. பாடுறவருக்குச் சளியா?" என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பினார். அடியில், எறும்பு கூடக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்தத் தொகுப்பில் உள்ளவை அசல் பாடகர்கள் பாடியவை அல்ல.

அத்தனை வருஷமாக அந்த வரி அங்கேதான் இருந்திருக்கிறது. யாரும் படித்ததில்லை. எவனோ கூலிக்கு வந்து, பிரபலமான குரல்களை மாதிரியே பாடிவிட்டுப் போயிருக்கிறான். ஆண் குரல், கிழவர் குரல், குழந்தைக் குரல், எல்லாம் ஒரே ஆள்தான் என்று சந்தேகப்படவும் இடமிருந்தது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். அத்தைதான் தீர்ப்புச் சொன்னாளாம்.

"அதனால என்னண்ணா? நமக்கு இவங்கதான் அசல். ரேடியோவுல பாடுறவன்தான் இவங்களைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். ரேடியோவில் நிஜப் பாடகர் பாடினால், "பரவாயில்ல, ஓரளவுக்குக் கொண்டு வந்திருக்கான்" என்பார் அப்பா. தட்டில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வருமோ அதுதான் எங்களுக்கு இயற்கை. கல்யாண வீட்டு மண்டபத்தில் ஒரு பாட்டு முடிந்தால், ஸ்பீக்கரில் அடுத்தது வருவதற்குள் எங்கள் வரிசை நாற்காலிகள் மட்டும் வேறொரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.

ஒன்பதாம் பாகத்தில் நாலாவது பாட்டு மஞ்சள் பஸ். அதில் ஒரு கீறல். 'மனசக் கொஞ்சம்' என்ற இடத்துக்கு வந்ததும் ஊசி அங்கேயே மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம் என்று கடன்காரனைப் போலக் கெஞ்சிக்கொண்டிருக்கும். தரையை ஓங்கி உதைத்தால் ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்த ஆட்டம் கண்ட ஸ்டூல் குலுங்கும். ஊசி ஒரு தாவு தாவி 'ஜன்னல் பக்கம்' போய் இறங்கும். உதைக்கிற வேலை அத்தையுடையது. ஊசியை இறக்குவது அப்பா. கேட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றித் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்துக்கொள்வதும் அத்தை. அண்ணன் தனியாகக் கேட்டுவிடக் கூடாதாம். "கூட்டு வியாபாரம்ணா. நம்பிக்கை வேற, ஊசி வேற" என்பாளாம்.

கீழ்வீட்டில் அப்போது ஒரு பல் டாக்டர் வாடகைக்கு கிளினிக் வைத்திருந்தார். வாயைப் பிளந்துகொண்டு ஒருவர் நாற்காலியில் படுத்திருக்கும்போது தலைக்கு மேல் டம் என்று கேட்டால் எப்படி இருக்கும்? டாக்டர் புகார் சொல்ல மேலே வந்தார். மறுவாரம் மறுபடியும் வந்தார். அதற்கடுத்த தடவை வந்தபோது புகார் சொல்ல மறந்துவிட்டார். அவர்தான் என் மாமா. கல்யாணமான பிறகு அத்தை கீழே குடிபோனாள். ஆனாலும் சாயங்காலமானால் மேலே வந்து, முறையாகப் புருஷன் தலைக்கு நேர் மேலே நின்று உதைப்பாள்.

அந்தக் கீறலைப் போட்டது யார் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதே இல்லை. அத்தை ஆடும்போது இடித்துத்தான் ஊசி இழுத்துவிட்டது என்பார் அப்பா. அப்பா தட்டின் மேல் சாவிக்கொத்தை வைத்தார் என்பாள் அத்தை. பல வருஷம் அது சிரிப்பாகத்தான் இருந்தது. தாத்தா இறந்து வீட்டைப் பிரித்தபோதுதான் சிரிப்பு நின்றது. மாடி அண்ணனுக்கு, கீழ்வீடு தங்கைக்கு. அதில் ஒரு தகராறும் இல்லை. பாத்திரம், கட்டில், பீரோ எல்லாம் அழகாகப் பிரிந்தன. கடைசியில் ரெக்கார்டு வரிசைக்கு வந்தார்கள்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "ஒன்பதாம் பாகத்தை நாசம் பண்ணினவளுக்கு இதுல என்ன பங்கு?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று அம்மா இன்றைக்கும் சாதிக்கிறாள். அன்றைக்கு அது விளையாட்டாகக் கேட்கவில்லை. யாரோ ஒரு பெரியப்பா வேறு சிரித்துவைத்தார்.

அத்தை எழுந்தாள். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, தட்டை மட்டும் உருவி, எங்கள் தலையணை உறைகளுக்குள் போட்டாள். அட்டைகளை அப்பா முன்னால் தள்ளினாள்.

"எனக்குத் தட்டு. உனக்கு அட்டை. வேர்த்தா எடுத்து விசிறிக்கோ."

"தட்டை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே? பிளேயர் என்கிட்டதான் இருக்கு."

"அதுல துணி காயப் போட்டுக்கோ."

ஊசியைக் கழற்றிக்கொள்ள மட்டும் அன்றைக்கு அவளுக்கு மறந்துவிட்டது. இப்படியாக மேலே பாடாத பிளேயரும் பல்லைக் காட்டும் பெண்களும், கீழே தலையணை உறைக்குள் பாட்டுகளும் இருந்தன. யாராலும் எதையும் கேட்க முடியாது. இதற்குப் பெயர் பாகப்பிரிவினை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள அத்தனை மாடிகளுக்கும் ஏறி இறங்குகிறவர், தன் வீட்டில் ஒரே ஒரு மாடி இறங்கித் தங்கையைப் பார்க்க மாட்டேன் என்று வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார். நடுவில் தபால்காரர் வேலை பார்த்தது மாமாதான்.

"மருமகளே, தண்ணி மோட்டாரை நிறுத்தணும்னு உங்க அத்தை உங்க அப்பாகிட்ட சொல்லச் சொன்னா."

அப்பா மாமாவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். "நிறுத்தியாச்சுன்னு சொல்லு மாப்பிள்ளைகிட்ட."

நடுவில் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். எனக்கு ஏற்ற உத்தியோகம் அது.

பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் மாடிக் கூடத்தில் மெஷின் போட்டு, கடைகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாமா மேலே வந்து, என் துணிக் குவியலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். தபால் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"மச்சான், கிளினிக்கை மூடிட்டேன். கை நடுங்குது. நடுங்குற கையோட அடுத்தவன் வாய்க்குள்ள போறது தப்பு. பொண்ணு வீட்டோட வந்துடுங்கன்னு கூப்பிடுறா. ஞாயித்துக்கிழமை லாரி வருது."

மகள் வீடு ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவ ரெக்கார்டெல்லாம்?"

"அங்க இடமில்ல மச்சான். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாம்னு சொல்றா."

"போடட்டும். அவ பொருள்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"வந்து கேட்கச் சொல்லுங்க. கேட்டா சொல்றேன்."

"என்னன்னு கேட்கணும்?"

மாமா போனபிறகு அம்மா பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி ஊரைவிட்டே போறா. இப்பப் பேசாம எப்பப் பேசப் போறீங்க? செத்தப்புறம் தலைமாட்டுல நின்னா?"

"அவ கீறினதை ஒத்துக்கிட்டா அடுத்த நிமிஷம் பேசுறேன்."

"இத்தனை வருஷமாச்சு, இன்னும் கீறல்லயே நிக்கிறீங்களே. அந்த ஊசிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கக் கீழே பெட்டி கட்டும் சத்தம். அப்பா படிக்கட்டு வரைக்கும் போவார், செருப்பைத் தேடுகிற மாதிரி குனிவார், திரும்பி வருவார். செருப்பு காலில்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். "வா, ஒரு இடத்துக்குப் போகலாம்." பழைய ரெக்கார்டு விற்கிற கடைக்குப் போனோம். வெளியே தையல் மெஷின் சக்கரமும் உடைந்த கடிகாரமும் தொங்கின. உள்ளே தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் ரெக்கார்டுகள். கடைக்காரர் நல்ல பருமன். அவர் எழுந்து நின்றால் நாங்கள் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் இடம். அப்பா ஒன்பதாம் பாகம் கேட்டார்.

"அந்த அன்னாசிப்பழப் பொண்ணா?" என்றார் கடைக்காரர். "இருக்கு. அதை யாருங்க கேட்குறாங்க? எல்லாரும் அசல் பாட்டுதான் கேட்பாங்க. இது நகல்."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. "எதுங்க நகல்?"

"கோவப்படாதீங்க. எங்க வீட்டுலயும் இதுதான் ஓடிச்சு." அவர் தட்டை உருவி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கறுப்பு, பளபளவென்று, ஒரு கோடு கூட இல்லாமல் இருந்தது. "யாரோ வாங்கிப் போடாமலே வச்சிருக்காங்க. பிளேயர் எந்த மாதிரி வச்சிருக்கீங்க?"

அப்பா சொன்னார்.

"அதுல ஊசி நல்லா இருக்கா? பத்திரமாப் பார்த்துக்குங்க. அதுக்கெல்லாம் ஊசி போடுறதை எப்பவோ நிறுத்திட்டாங்க. போச்சுன்னா போச்சு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "கீறலே இல்லாதது. பார்த்தியா? இனிமே யாரும் உதைக்கவும் வேண்டாம், யாரும் வரவும் வேண்டாம்." நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குள் வந்ததும் ஜன்னல்களையெல்லாம் திறந்தார். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். கீழே கேட்க வேண்டும். ஸ்டூலைத் துடைத்து, பிளேயரை வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு, நாலாவது பாட்டின் கோட்டில் ஊசியை இறக்கினார். கொஞ்சம் கரகரப்பு, பிறகு அந்தத் தம்பட்டம், பிறகு பெயர் தெரியாத எங்கள் அசல் பாடகர்.

மஞ்சள் பஸ்ஸில் போறவளே...

அம்மா துடைப்பத்தோடு வந்து வாசலில் நின்றாள். நான் மெஷினை நிறுத்தினேன். அப்பா கண்ணை மூடியிருந்தார்.

மனசக் கொஞ்சம்...

மூன்று பேரும் காலைத் தூக்கினோம்.

...நிறுத்தி வையி, நானும் வந்து ஏறிக்கிறேன், ஜன்னல் பக்கம் தள்ளி உக்காரு.

தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது. மூன்று பேரும் கொக்கு மாதிரி நின்றோம். பாட்டு எங்களுக்காக நிற்காமல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இதென்ன வரி?" என்றார் அப்பா.

"பாட்டுல உள்ள வரிதான் போல" என்றாள் அம்மா.

"நம்ம பாட்டுல இந்த வரி கிடையாது."

"நம்மளது தாண்டிப் போயிடும். அதனால கேட்டதில்ல."

அப்பா ஊசியைத் தூக்கி மறுபடியும் வைத்தார். மறுபடியும் அந்த இடம் வந்தது. மறுபடியும் அந்த ஆள் சாவகாசமாக மனசை நிறுத்தச் சொல்லி, பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்தான். நெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாட்டே செத்துப்போன மாதிரி இருந்தது. இவ்வளவு சாதாரணமான பாட்டையா நாங்கள் இத்தனை வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தோம்?

"தப்பான ரெக்கார்டைக் கொடுத்துட்டான்" என்றார் அப்பா. "திருப்பிக் கொடுத்துடலாம்."

"திருப்பிக் கொடுத்துட்டு?" என்றாள் அம்மா.

அப்பா ஊசியை இன்னொரு தடவை வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், முறைத்தால் கீறிக்கொள்ளும் என்பது போல.

மஞ்சள் பஸ்ஸில் போறவளே, மனசக் கொஞ்சம்...

டொம்.

கீழேயிருந்து வந்தது. துடைப்பக் கட்டையால் கீழ்வீட்டுக் கூரையை இடித்தால் எங்கள் தரையில் கேட்கும் சத்தம். சரியாக அந்த இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல். ஸ்டூலின் ஆட்டம் கண்ட கால் எகிறியது. ஊசி துள்ளி, சர்ரென்று தட்டின் மேல் இழுத்து, திரும்ப அதே இடத்தில் வந்து விழுந்தது.

கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம் கொஞ்சம்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் முகத்தில் வந்ததைப் பார்த்தேன்; கோபமாக வரப் பார்த்து, வழி தெரியாமல் வேறு எதுவாகவோ வந்து நின்றது. பாட்டு கெஞ்சிக்கொண்டே இருந்தது. யாரும் உதைக்கவில்லை. அது எங்கள் வேலை இல்லை.

டொம், என்றது கீழே.

ஜன்னல் பக்கம் தள்ளி உக்காரு, என்று பாட்டு இறங்கிப் போனது.

"இப்பச் சரியா இருக்கு" என்றார் அப்பா.

பாட்டு முடிவதற்குள் படியில் காலடிச் சத்தம். முன்னால் அத்தை, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மாமா. இரண்டு பேர் கையிலும் பெரிய பெரிய தலையணை உறைகள். அம்மாவின் பழைய பூப்போட்ட உறைகள் அவை. அம்மா முதலில் அவற்றைத்தான் அடையாளம் கண்டுகொண்டாள். அத்தையின் தலையில் நிறைய நரை விழுந்திருந்தது. மாடிப்படியில் ஏறி இறங்கும்போது தூரத்திலிருந்து பார்த்ததுதான்; கூடத்து வெளிச்சத்தில் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் என் திரைத்துணிகளை ஓரமாகத் தள்ளி, உறைகளை மேஜையில் வைத்தாள்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அது எங்கள் அப்பா.

"புது ரெக்கார்டு. கீறலே இல்லாம இருந்தது. இப்ப நீ கீறிட்டே. மூணு பேர் சாட்சி இருக்கோம்."

அத்தை முதல் தட்டை உருவி, வெளிச்சத்தில் பார்த்து, கையை நீட்டினாள். அப்பா பீரோவைத் திறந்து அட்டைகளைக் கொண்டுவந்தார். முதல் பாகத்து அட்டையை அவள் கையில் கொடுத்தார். அவள் தட்டை உள்ளே விட்டாள். அவர் அடுத்ததைக் கொடுத்தார். டெலிபோன்காரி, டயர்க்காரி, குதிரைப் பொம்மை மேல் உட்கார்ந்தவள், எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டே தங்கள் தங்கள் பாட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். பேப்பர்காரனுக்குப் போடப் போகிறவள் தட்டுகளை இவ்வளவு துடைத்தா வைத்திருப்பாள்? ஒரு தூசு இல்லை. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"தினமும் இதைத்தான் துடைக்கிறா மருமகளே. என் கண்ணாடியை ஒரு நாள் துடைச்சதில்ல."

ஒன்பதாம் பாகம் வந்தது. பழைய தட்டு, அந்தக் கீறலோடு. அன்னாசிக்காரியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கொடுக்காமல் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பழசு... நானாக் கூட இருக்கலாம்."

அம்மாவின் கையிலிருந்த துடைப்பம் நழுவி விழுந்தது.

"இருக்கலாம்னுதான் சொல்றேன். சாவிக்கொத்து வச்ச மாதிரி ஒரு ஞாபகம்."

"மச்சான்," என்றார் மாமா, "அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுத்துடுங்க. லாரியில முதல்ல அதைத்தான் ஏத்தணும்."

அம்மா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை, கீழுதட்டை மட்டும் உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். அப்பா கையிலிருந்து அட்டையை வாங்கி, தட்டைப் போட்டு, அதன் முதுகில் லேசாகத் தட்டினாள். குழந்தையை ஏப்பம் விட வைக்கிற மாதிரி.

"காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள் அம்மா. "இந்த ஒரு தடவையாவது உக்காரு."

அத்தை உட்காரவில்லை. வரிசையை ஒரு தடவை கண்ணால் பார்த்தாள். எல்லாம் மேலே வந்துவிட்டன, அட்டையும் தட்டுமாக. பிறகு பிளேயர் பக்கம் போனாள். புதுத் தட்டு அதன் மேல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். ஊசிக் கையைத் தூக்கினாள், அடியில் விரலை வைத்தாள், பழகிய மாதிரி ஒரு சின்ன இழுப்பு. ஊசி வெளியே வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலையில் மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து, அந்தக் காலத்தில் போலவே அதற்குள் ஊசியைப் போட்டு, டக்கென்று மூடினாள்.

"என்னங்க," என்றாள் அம்மா பதறிக்கொண்டு, "ஊசி! கடையில இனிமே கிடைக்காதுன்னு சொன்னீங்களே..."

"சும்மா இரு" என்றார் அப்பா.

அவர் நகரவில்லை. தங்கையின் கையிலிருந்த கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், சின்ன வயதில் கடை வாசலில் ஷட்டர் எப்போது தூக்குவார்கள் என்று பார்த்திருப்பாரே, அந்தப் பார்வை.

"ரயில் எத்தனை மணிக்கு மாப்பிள்ளை அங்க போய்ச் சேரும்?" என்று மட்டும் கேட்டார்.

மாமா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, படியில் இறங்கிப் போனாள்.